ஆற்று நீரும் மனச்சாட்சியும்



வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம்மில் இராது. அங்கேயுள்ள திருக்குளத்தையும் அறிவீர்கள். பிரான்சு தேசத்து லூர்து நகரிலிருந்து வந்த தீர்த்தம் அதிலே கலக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் படியில் இறங்குமுன் செருப்பைக் கழற்றுகிறோம். பிள்ளை காலால் நீரைக் கலக்கினால் அதட்டுகிறோம். ஒரு கை அள்ளி நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, சிறு சீசாவில் வீட்டுக்கும் எடுத்து வருகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் குளத்துக்கு வெகு அருகிலேதான் சங்கராபரணி ஆறும் ஓடுகிறது. அந்த ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ்ஸில் போகும்போது, தின்று முடித்த பொட்டலத்தைச் சன்னல் வழியாக எறிகிற கையும் இதே கைதான். நம் ஆண்டவராகிய சேசுநாதர் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டது ஓர் ஆற்றிலே என்பது அப்பொழுது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆற்று நீரைக் கெடுப்பது பாவமா? பாவமென்றால் யாருடைய பாவம்? இந்தக் கேள்வியை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சற்றுப் பொறுமையாக யோசிக்க விரும்புகிறேன். பொட்டலம் எறிவது கண்ணுக்குத் தெரிகிற சிறு குற்றம். நான் கேட்பது அதைவிடப் பெரிய, கண்ணுக்குத் தெரியாத காரியத்தைப்பற்றி.

இந்த ஆறு நமக்கு அந்நியமானதல்ல. செஞ்சி மலைப்பக்கத்தில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் தொட்டுக்கொண்டு கிழக்கே வந்து, கடலை அடையுமுன் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பத்து ஆறு. அதன் கரையிலேதான் அரிக்கமேடு இருக்கிறது; 1945-ல் வீலர் துரை அங்கே தோண்டிப் பார்த்து, இவ்வூர் ரோமாபுரியோடு வாணிபம் செய்ததற்கு அடையாளங்களை வெளிக்கொணர்ந்தார். நம் ஆண்டவர் மனிதராய் வாழ்ந்த காலத்தை ஒட்டி மத்தியதரைக் கடல் நாட்டுத் திராட்சரசச் சாடிகள் வந்திறங்கிய கரை அது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. விடுமுறை நாளில் நோணாங்குப்பத்துப் படகுத்துறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய், படகேறிக் கழிமுகத்து மணலில் இறங்கி, அவர்கள் தண்ணீரில் குதிப்பதைப் பார்த்து மகிழாதவர் யார்? மழைக்காலம் நீங்கலாக மலைநீரின் வரத்துக் குறைந்துபோவதால், ஆண்டில் பெரும்பகுதி கடல்நீர்தான் இந்தக் கிளைகளில் ஏறி இறங்கும். மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் அங்கே வளர்கின்றன. தேங்காய்த்திட்டுப் பக்கத்து அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையில் எத்தனையோ குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கின்றன. அவற்றை நம்பி வலை வீசும் குடும்பங்களும் இரு கரையிலும் உண்டு.

ஆகவே நம் ஆற்றுக்கு இரண்டு விதமான விருந்தாளிகள்: விளையாட வரும் பிள்ளைகள், வசிக்கும் மீன்கள். இவ்விரு கூட்டத்துக்கும் நீர் தகுதியாயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முறையான அளவுகள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்நாட்டு நீர்நிலைகளை அவற்றின் உபயோகத்துக்கு ஏற்ப ஐந்து வகுப்புகளாக வைத்திருக்கிறது. குளிப்பதற்கு உரியது ‘பி’ வகுப்பு: ஒரு லிட்டர் நீரில் கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, நீரிலுள்ள அழுக்கு விழுங்கும் பிராணவாயு, அதாவது பி.ஓ.டி., 3 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. 100 மில்லி லிட்டரில் கோலிபார்ம் கிருமிகள் 500-க்கு மேல் போகக்கூடாது. மீன் முதலிய ஜீவன்களுக்கு உரியது ‘டி’ வகுப்பு: பிராணவாயு 4 மில்லிகிராம் இருந்தால் போதும்; அம்மோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கோலிபார்முக்கு வரம்பே இல்லை. கடல்நீர் ஏறும் கழிமுகங்களுக்கும் கடற்கரைக்கும் தனி அளவுகள் உண்டு. அவற்றின்படி குளிக்கும் இடத்து நீரில், 100 மில்லி லிட்டருக்கு மலத்திலிருந்து வரும் கோலிபார்ம் 100 தான் பொதுவான வரம்பு.

இந்த அளவுகளைச் சற்று நிதானித்துப் பாருங்கள். மீன் துள்ளுகிற நீரில் உங்கள் பிள்ளை குளித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். ஏனென்றால் நம் குடலிலிருந்து வரும் கிருமி மீனுக்கு நோய் செய்வதில்லை. அதற்கு மாறாக, பளிங்குபோல் தெளிந்து, ஒரு கிருமியும் இல்லாத நீரில் தொழிற்சாலை அமிலம் கலந்திருந்தால் மீன் ஒன்றும் மிஞ்சாது. ‘மீன் இருக்கிறதே, அப்புறம் என்ன கெட்டுப்போச்சு?’ என்பதும், ‘தண்ணி தெளிவாத்தானே இருக்கு’ என்பதும் இரண்டும் தவறான தேறுதல்கள். கண்ணும் மூக்கும் இவ்விஷயத்தில் நம்பத்தகாத சாட்சிகள்.

அப்படியானால் நம்பத்தக்க சாட்சி எது? பரிசோதனைச் சாலையில் நடப்பதைக் கேளுங்கள். ஆற்றில் குமிழி புகாதபடி கண்ணாடிப் புட்டியை அமிழ்த்தி நிரப்பி, மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் அதில் விடுவார்கள். ஹங்கேரி தேசத்து விங்க்லர் என்னும் ரசாயனர் 1888-ல் கண்ட முறை இது. நீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பு நிற வண்டல் படியும். பிராணவாயு அற்றுப்போயிருந்தால் வண்டல் வெள்ளையாகவே இருக்கும். வெள்ளை என்றால் பரிசுத்தத்தின் நிறம் என்று பழகிய நமக்கு, இந்தப் புட்டியில் மட்டும் வெள்ளைதான் மரணத்தின் நிறம். பி.ஓ.டி. அறிவதற்கு வேறொரு புட்டியை இருட்டில் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்து, அதற்குள் எவ்வளவு பிராணவாயு செலவழிந்தது என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாளில் உண்மை வெளிப்படும்!

கோலிபார்மைப்பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை தாமாக நோய் செய்வன அல்ல. வெப்ப இரத்தமுள்ள பிராணிகளின் குடலில் வாழ்பவை அவை. ஆகையால் அவை நீரில் காணப்பட்டால், மலம் இங்கே வந்து கலந்திருக்கிறது, காய்ச்சல், பேதி, சீதபேதிக் கிருமிகளும் கூடவே வந்திருக்கக்கூடும் என்று தெரிந்துகொள்கிறோம். குற்றவாளி ஓடிப்போனாலும் அவன் விட்டுச்சென்ற செருப்பு கிடக்கிறது என்பதுபோல.

சாட்சியைக்கூட நமக்கு இசைவாகச் சொல்லவைக்க முடியும் என்பதையும் சொல்லவேண்டும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில், நடு ஆற்றில், உச்சிவேளையில் புட்டியை நிரப்பினால் ஆறு நல்லவனாகத் தோன்றும். ஏறிய கடல்நீர் அழுக்கை நீர்க்கச் செய்திருக்கும். பாசிகள் வெயிலில் பிராணவாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அதே இடத்தில், நீர் இறங்கிய பின், வாய்க்கால் வந்து சேரும் ஓரத்தில், விடியுமுன் எடுத்துப்பாருங்கள். இரவெல்லாம் பாசிகளும் சுவாசித்துப் பிராணவாயுவைக் குறைத்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பது அந்த நேரத்தில்தான். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் நம்மில் சிலர் உச்சிவேளைப் புட்டியைக் கொண்டுபோவதில்லையா? இதை இடையில் சொல்லிவைத்தேன், கோபிக்கவேண்டாம்.

சரி, நம் ஆற்றின் சாட்சி என்ன? 2018-ம் ஆண்டில் மத்திய வாரியம் இந்தியா முழுவதிலும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டியதே அதற்கு அளவுகோல். நம் யூனியன் பிரதேசத்திலிருந்து காரைக்காலின் அரசலாறும் நம் சுண்ணாம்பாறும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்வாண்டிலேயே, பட்டியலிலுள்ள ஒவ்வோர் ஆற்றையும் சீர்செய்யத் திட்டம் வகுக்கும்படி மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் கட்டளையிட்டது. நம் பிள்ளைகள் குதித்து விளையாடும் நீர் அது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, ‘ஐயா, ஆலைக்காரன் விட்டிருப்பான், நகராட்சிக்காரன் கவனிக்காமல் இருந்திருப்பான். என் வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் கக்கூசுத் தண்ணீரும் சேர்ந்து ஒரு ஆற்றைக் கெடுத்துவிடுமா? நான் ஒருவன் நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கில் ஒரு புள்ளி குறையுமா?’ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆலையும் நகராட்சியும் தங்கள் பங்குக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அவர்களை நான் விடுவிக்கவில்லை. ஆனால் உங்கள் பங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவு, நீரில் கலந்தால், சுமார் 27 கிராம் பிராணவாயுவை விழுங்கும் என்று இந்திய அரசின் கழிவுநீர்ப் பொறியியல் கையேடு கணக்கு வைத்திருக்கிறது. நம்மூர் வெயிலில், 30 பாகை வெப்பத்தில், நல்ல ஆற்று நீர் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் தன்னுள் வைத்துக்கொள்ளும். வகுத்துப் பார்த்தால், ஒருவருடைய ஒரு நாள் கழிவு 3,600 லிட்டர் நீரின் பிராணவாயுவை முழுவதும் தீர்த்துவிடப் போதும். ஐந்து பேர் உள்ள வீடென்றால் நாளொன்றுக்கு 18,000 லிட்டர். இரண்டு மூன்று டாங்கர் லாரித் தண்ணீர். ஆறு காற்றிலிருந்து பிராணவாயுவை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு தன்னைத்தானே சுத்திசெய்துகொள்ளும் என்பது மெய்தான். அந்த வல்லமையைச் சர்வேசுரன் அதற்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த வல்லமைக்கு ஓர் எல்லை உண்டு. அது எல்லாருக்கும் பொதுவானது. என் பங்கு சிறியது என்று நாம் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்வது அந்தப் பொதுவான கருவூலத்திலிருந்துதான்.

சிறு சிறு களவுகளைப்பற்றித் திருச்சபையின் சாஸ்திரிகள் நெடுங்காலம் தர்க்கித்திருக்கிறார்கள். ஒரு வேலைக்காரன் எசமானன் பெட்டியிலிருந்து தினம் ஒரு காசு எடுக்கிறான். ஒரு காசு அற்பம். ஆகையால் அற்பப் பாவம். ஆனால் பத்து வருஷத்தில் அது பெருந்தொகையாகிறது. ஒவ்வொரு களவும் அற்பமாயிருந்தபடியால், மொத்தத் தொகை எவ்வளவு பெரிதானாலும் அதைத் திருப்பிக்கொடுக்கவேண்டிய கனமான கடமை இல்லை என்று சிலர் வாதித்தார்கள். 1679-ல் பதினோராம் இன்னொசெந்து பாப்பரசர் அந்த வாதத்தை வெளிப்படையாகக் கண்டனம் செய்தார். தொகையைப் பார், காசைப் பாராதே என்பதே அதன் கருத்து. சாவான பாவமும் அற்பப் பாவமும் எங்கே பிரிகின்றன என்று நிறுக்கிற தராசை நான் இங்கே எடுக்கவில்லை. அது உங்கள் ஆத்தும குருவின் வேலை. ஆனால் ‘ஒரு நாள் கழிவுதானே’ என்று சொல்லும் வாய், அந்த வேலைக்காரனுடைய வாய்தான்.

இதிலே ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஒருவனே பலமுறை எடுப்பது வேறு. பல பேர், ஒருவரையொருவர் அறியாமல், பேசிவைத்துக்கொள்ளாமல் ஆளுக்குக் கொஞ்சம் எடுப்பது வேறு. இந்த இரண்டாம் வகையில், ஒவ்வொருவரும் தம் பங்குக்கே உத்தரவாதி, முழு நஷ்டத்துக்கும் அல்ல என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஏன் அப்படி? மற்றவர்களும் எடுக்கிறார்கள் என்பதும், எல்லாம் சேர்ந்து பெட்டி காலியாகிறது என்பதும் அவனுக்குத் தெரியாது என்பதனால். நம் பாட்டன் பூட்டன்மார் அந்த நிலையில் இருந்தார்கள். வாய்க்காலில் விட்டார்கள், வாய்க்கால் ஆற்றுக்குப் போயிற்று, ஆறு கடலுக்குப் போயிற்று. அதற்குமேல் அவர்கள் அறியார்கள். அவர்களுடைய அறியாமை அவர்களால் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை. அதற்குக் குற்றமில்லை.

நம் காரியம் அப்படியல்ல. புட்டி நிரப்பப்பட்டுவிட்டது, எண் எழுதப்பட்டுவிட்டது, ஆற்றின் பெயரோடு அச்சிடப்பட்டும்விட்டது. இனி நாம் அறியோம் என்று சொல்வது, ஞானோபதேசத்தில் படித்தோமே, நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை, அந்த வகையைச் சேர்ந்தது. கடிதத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தே அதைப் பிரிக்காமல் வைத்திருப்பவனுடைய அறியாமை. ஆற்றை அளப்பதனால் ஆறு சுத்தமாகிவிடாது என்று பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. மெய்தான். ஆனால் அளவு வந்தபிறகு, அளவுக்கு முன்னிருந்த மனிதர்களாக நாம் இருக்க முடியாது. என்னைக் கேட்டால், இந்த விசாரணை முழுவதிலும் கனமான விஷயம் இதுதான்.

பிறர் பாவத்துக்கு உடந்தையாகும் ஒன்பது வழிகளைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். சம்மதித்தல் ஒன்று, மறைத்தல் ஒன்று, கண்டும் பேசாதிருத்தல் ஒன்று. இப்பொழுது ஒரு சாதாரணக் காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதை சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் செப்டிக் டாங்க் உண்டு. அது நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்புகிறோம். லாரி வருகிறது, உறிஞ்சுகிறது, போகிறது. பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அந்த லாரி எங்கே போயிற்று? சுத்திகரிப்பு நிலையத்துக்கா, அல்லது இருட்டிய பிறகு ஏதாவதொரு வாய்க்கால் ஓரத்துக்கா? வாடகை மிகக் குறைவாயிருந்தால் மனத்துக்குள் ஒரு சந்தேகம் எழத்தான் செய்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கேள்வியாக்காமல் விழுங்கிவிடுகிறோம். ஒன்பது வழிகளில் இது எந்த வழி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு மறைந்தது போய்விட்டது என்று எண்ணுவதும் பிழை. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ம் தேதி, நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில், புதை சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிப்பறைகள் வழியாகத் திரும்பி வந்து, இரண்டு பெண்களும் ஒரு பள்ளி மாணவியும் மாண்டார்கள். யாருடைய பிழை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர்கள் ஆத்துமங்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது, ஒரு நகரம் தன் கழிவைப்பற்றி யோசியாமல் வாழ முடியாது என்பதையும் நினைத்துக்கொள்வோம். பணத்தைச் சேமிப்பதற்காக ஒரு மனிதனைத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்யச்சொல்வதோ 2013-ம் ஆண்டின் சட்டப்படி குற்றம். சட்டம் வருமுன்னும் அது ஐந்தாம் கற்பனைக்கு விரோதமாகவே இருந்தது.

ஏழைகளைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற்போனால் அநியாயம். வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டு, கழிப்பறைக்கு இடமில்லாமல், குழாய்க்கும் வழியில்லாமல் இருக்கும் குடும்பத்தின்மேல் இந்தப் பாரத்தைச் சுமத்தாதீர்கள். இயலாத காரியத்துக்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது பழைய சட்டம். தெருவில் சாக்கடைக் குழாய் வந்தும் இணைப்புக்குச் செலவாகுமே என்று மழைநீர் வாய்க்காலில் குழாயைத் திருப்பி வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரரிடம்தான் நான் பேசுகிறேன். எசேக்கியேல் தீர்க்கதரிசி ஆகமத்தில் 34-ம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள். கொழுத்த ஆடுகளைச் சர்வேசுரன் கடிந்துகொள்கிறார்: அவை தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, மீதியைக் காலால் கலக்கிவிட்டனவாம், மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கல்நீரைக் குடிக்கவேண்டியதாயிற்றாம். நமக்குக் குடிநீர் பூமிக்கடியிலிருந்து எடுத்துக் குழாயில் வருகிறது. சிலர் வீட்டில் அதற்குமேல் சுத்திகரிப்புப் பெட்டியும் தொங்குகிறது. கீழே, ஆற்றில் இடுப்பளவு நின்று இறால் தடவும் கிழவிக்கு ஆறு மாத்திரமே உண்டு.

மீன்களுக்கும் ஒரு நியாயம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு என்றே நினைக்கிறேன். வகுப்புகளை எழுதியவர்கள், இந்த நீர் எதற்கு உதவும் என்று கேட்டு எழுதினார்கள். அரசாங்கத்துக்கு அந்தக் கேள்வி போதும். ஆனால் ஆதியாகமத்தில் நீரும் நீர்வாழ் ஜீவன்களும் ஐந்தாம் நாளுக்குள்ளாகவே உண்டாகி, நல்லவை என்று சர்வேசுரனால் காணப்பட்டாயிற்று. மனிதன் வந்தது ஆறாம் நாளில். அவன் வலை வீசுமுன்னும் குளிக்குமுன்னும் அவை நல்லவையாகவே இருந்தன. அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் தண்ணீரைச் சகோதரி என்றழைத்ததும், 2025-ல் காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ நிருபத்தில், மற்றச் சிருஷ்டிகளுக்கு நம் பிரயோசனத்துக்கு அப்பாற்பட்ட மதிப்பு உண்டென்று கற்பித்ததும் இதனால்தான். மீனைப் பிடித்துச் சாப்பிடலாகாது என்று இதற்கு அர்த்தமல்ல; நம் ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் மீன் சுட்டுச் சீஷர்களுக்குப் பரிமாறினார். மூச்சுத் திணறவைத்துச் சாகடிப்பதும் பிடித்துச் சாப்பிடுவதும் ஒன்றல்ல, அவ்வளவே.

‘கெட்ட ஆறு இனித் திருந்தவா போகிறது? பெருவெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வெள்ளம் பாவமன்னிப்புக் கொடுப்பதில்லை. ஆற்றின் அழுக்கைக் கடலுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஆறு திருந்துவதற்கு உதாரணம் உண்டு. உங்களில் பலருக்குப் பிரான்சில் மகனோ மகளோ இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். பாரீசு நகரில் சேன் ஆற்றில் குளிப்பது 1923-ல் தடைசெய்யப்பட்டது. சாக்கடையைச் சீர்செய்ய நூறு கோடி யூரோவுக்கு மேல் செலவழித்தார்கள். 2024-ல் ஒலிம்பிக் போட்டி நடந்தபோதும், மழை பெய்து சாக்கடை நீர் கலந்ததனால், ஆண்களுக்கான டிரையத்லான் பந்தயத்தை ஒரு நாள் தள்ளிவைக்க நேர்ந்தது. அவ்வளவு செலவழித்தும் எண் சரியில்லை என்றால் சரியில்லைதான் என்று உலகம் பார்க்க ஒப்புக்கொண்டார்களே, அது எனக்குப் பிடித்தது. 2025 ஜூலை மாதத்தில் மூன்று இடங்களில் பொதுமக்கள் மீண்டும் இறங்கிக் குளித்தார்கள். நாள்தோறும் நீரைச் சோதித்து, நல்ல நாளில் பச்சைக் கொடி, ஆகாத நாளில் சிவப்புக் கொடி ஏற்றுகிறார்கள்.

நம் படகுத்துறையில் அப்படி ஒரு கொடியோ, அன்றைய அளவை எழுதிய பலகையோ இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். இல்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள். புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிற ஊர் நம்முடையது. ஜனங்களுக்குக் குளம் வெட்டத் தன் வீட்டையே இடித்துக்கொடுத்தாள் என்று சொல்லப்படுகிற ஒரு பெண்ணுக்கு மண்டபம் கட்டின ஊருக்கு, தண்ணீரைப்பற்றிக் கடிதம் எழுதுவது புதுமையாகாது.

வீட்டிலே செய்யவேண்டியது இன்னும் எளிது. சமையல் எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதிருங்கள். மழைநீர்க் காலில் உங்கள் கழிவுக் குழாய் விழுகிறதா என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். விழுந்தால், செலவைப் பாராமல் மாற்றிவிடுங்கள், அதுவே நீங்கள் செய்யக்கூடிய பரிகாரம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்ய லாரி வந்து வாசலில் நிற்கும்போது, பணத்தை எடுக்குமுன் ஓட்டுநரிடம், ‘தம்பி, இதை எங்கே கொண்டுபோய் விடுவாய்?’ என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொன்னால், அங்கே ஒப்படைத்த சீட்டைக் காட்டும்படி சொல்லுங்கள். கூடுதலாக நூறு இருநூறு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.